லேபிள் உரித்த கன்ட்ரோலர்

பெட்டியைப் பார்த்ததுமே யாசர் சிரித்துவிட்டான். சிரிக்காமல் என்ன செய்வான்? மேலட்டையில் நெருப்பு கக்குகிற டிராகன், அதன் வாய்க்குள் ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலர், அடியில் எந்த மொழிக்காரன் வாயிலும் நுழையாத ஒரு கம்பெனிப் பெயர்.

“ஏட்டி ஜுவைரியா, இது என்ன, பட்டாசா?”

“கன்ட்ரோலர், காக்கா.”

“அது படத்துல இருக்கு. உள்ள என்ன இருக்கு?”

“வாய மூடிட்டு வயரச் சொருகுங்க.”

யாசர் அவளுடைய பெரியம்மா மகன்; அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மொபைல் ரிப்பேர் கடைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகிற ஓர் அறையில் கேம் கடை வைத்திருந்தான். சுவரோரம் டிவிகள், கீழே கன்சோல்கள், உட்கார ஸ்டூல்கள், சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு ஃபேன். அங்கே வருகிற பயல்கள் அத்தனை பேரையும் சண்டை கேமில் சாய்த்துப் போட்டவள் ஜுவைரியா. வயது இருபத்திரண்டு. சயானில் பி.காம். முடித்துவிட்டு, பகலெல்லாம் வாப்பா ரஹ்மத்துல்லாவின் தோல் பட்டறையில் பை தைக்கிறாள். சாயங்காலம் ஆனால் ஏணி ஏறிவிடுவாள்.

அவளுடைய வலது கைக் கட்டைவிரல் பிறவியிலேயே பாதிதான். முதல் கணுவோடு நின்றுபோனது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இருந்து போனால்தானே வருத்தம்? அந்தக் கையால்தான் எழுதுகிறாள், ஊசியில் நூல் கோக்கிறாள், மீன் அலசுகிறாள், ரயிலில் லேடீஸ் டப்பாவில் எவளாவது இடித்தால் திருப்பி இடிக்கிறாள். வருத்தப்படுகிற வேலையை ஊரே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தது. தமிழ்க்காரர்கள் ‘பாவம்’ என்பார்கள். இந்திக்காரர்கள் ‘பேச்சாரி’ என்பார்கள். இரண்டும் ஒரே எழவுதான். அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும்.

ஊர்தான் போகட்டும் என்றால், பெற்ற உம்மா? வீட்டுக்கு ஆள் வந்தால் சபுரா செய்கிற முதல் காரியம், மகளின் துப்பட்டா முனையை இழுத்து வலது கைமேல் போடுவது. அம்பர்நாத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்ததால் சமீபமாக இது ரொம்ப ஜாஸ்தி. மாப்பிள்ளை அங்கே ஃபாக்டரியில் சூப்பர்வைசர். அவர்களுக்கு அனுப்பின போட்டோவிலும் ஜுவைரியாவின் வலது கை துப்பட்டாவுக்குள்தான் இருந்தது.

“மறைச்சு வச்சு எத்தன நாளைக்குமா?” என்று கேட்டால், “நிக்காஹ் முடியட்டும், பொறவு மெல்ல சொல்லிக்கிடலாம்” என்பாள். ஏதோ இவள் ஒரு கையைத் திருடிக்கொண்டு வந்து மறைத்து வைத்திருப்பதுபோல.

இந்தச் சமயத்தில்தான் செம்பூரில் ஒரு பெரிய கேமிங் லவுஞ்ச் சண்டை கேம் போட்டி அறிவித்தது. மும்பை முழுவதிலிருந்தும் வருவார்கள். நேரலையாக யூடியூபில் போகும். ஜுவைரியா யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது கோப்பைகூட இல்லை. அங்கே வருகிறவர்களை மற்றவர்கள் எப்படி அடிப்பார்களோ அப்படித் தன்னையும் அடிக்க வேண்டும். முடியாவிட்டால் தன்னிடம் அடி வாங்க வேண்டும். நடுவில் ‘பாவம்’ என்று ஒரு நாய் குரைக்கக் கூடாது. அவ்வளவுதான். அவ்வளவு கேட்பது பெரிய ஆசையா, சொல்லுங்கள்.

தடை ஒன்றே ஒன்று. சாதாரண கன்ட்ரோலரில் அடி, உதை, தடுப்பு, பாய்ச்சல் என்ற நாலு பட்டனும் வலது கட்டைவிரலுக்குக் கீழேதான் இருக்கும். அவளோ கன்ட்ரோலரை மடியில் வைத்து, ஆள்காட்டி விரலால் கோழி கொத்துகிற மாதிரி கொத்தித்தான் இத்தனை காலமும் ஆடினாள். யாசர் கடைப் பயல்களுக்கு அந்தக் கொத்தே போதும். செம்பூருக்கு அது காணாது. தேடித் தேடிப் பார்த்ததில், முதுகுப் பக்கம் பட்டன் வைத்த கன்ட்ரோலர் என்று ஒரு ஜாதி இருப்பது தெரிந்தது. பெரிய கம்பெனி போடுவதை வாங்குகிற காசுக்குப் பட்டறைக்கு ஒரு பழைய தையல் மெஷின் வாங்கிவிடலாம். அதனால்தான் இந்த டிராகன்.

யாசர் வயரைச் சொருகினான். கன்ட்ரோலருக்கு உயிர் வந்து பச்சை, ஊதா, சிவப்பு என்று மாறி மாறி எரிந்தது.

“அல்லா! கல்யாண வீட்டு சீரியல் லைட்டுல்லா இது!” என்றான்.

பட்டன்கள் டொக் டொக்கென்று சத்தம் போட்டன. கை அதிர வேண்டிய இடத்தில் இடது பக்கம் மட்டும் கிர்ரென்றது. வலது பக்கம் செத்துக் கிடந்தது. ஆளை நகர்த்துகிற குச்சியைத் தொடாமல் விட்டாலும் திரையில் இருந்த ஆள் தன் பாட்டுக்கு ஓரமாக நகர்ந்து போய்க்கொண்டே இருந்தான்.

“இவன் எங்கட்டி போறான்? பாந்த்ராவுக்கா?”

“போவட்டும். எனக்குக் குச்சி வேண்டாம். திசை பட்டன் போதும்” என்றாள் ஜுவைரியா. அவள் கண் கன்ட்ரோலரின் முதுகில் இருந்தது. பக்கத்துக்கு இரண்டாக நாலு பட்டன். எந்த முன்பட்டனுக்கு எது பதிலாள் என்று நாமே சொல்லி வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் கொடுத்திருந்த விளக்கம் கந்தரகோளமாக இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அமுக்கி அமுக்கிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாள். அடியை வலது நடுவிரலுக்குக் கொடுத்தாள். உதையை மோதிர விரலுக்கு. தடுப்பும் பாய்ச்சலும் இடது கைக்குப் போயின.

முதல் ஆட்டத்தில் தடுக்க நினைத்த இடத்தில் பாய்ந்தாள். பாய வேண்டிய இடத்தில் உதைத்தாள். யாசர் அவளைத் துவைத்துக் காயப்போட்டான். அடுத்ததிலும் அப்படித்தான். இவள் விடவில்லை. விரல்கள் புது இடத்துக்குப் பழகப் பழக ஒரு நேரம் வந்தது: எந்த விரல் எங்கே என்ற நினைப்பே போய்விட்டது, திரையில் கையில் துடுப்போடு நிற்கிற ஓடக்காரி, அவள்தான் இவளுடைய ஆள், நினைத்ததைச் செய்தாள். யாசரின் ஆள் வானத்தில் பறந்து போய்க் கவிழ்ந்து விழுந்தான்.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கன்ட்ரோலர் மடியை விட்டுக் கைக்கு வந்திருந்தது. ஜுவைரியாவுக்கு அழுகை மாதிரி ஒரு சந்தோஷம். காட்டினால் யாசர் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவான் என்று, “சுமார்தான்” என்றாள்.

“சுமாரா? என் ஆள எந்திரிக்க விடமாட்டேங்குத!” என்றான் யாசர். பிறகு கொஞ்சம் யோசித்து, “இருந்தாலும் செம்பூர்ல எல்லாவனும் ஒரிஜினல் வச்சிருப்பான். இத டூப்ளிகேட்னு சிரிப்பானுவ.”

“டூப்ளிகேட் இல்ல காக்கா. வேற கம்பெனி. போட்டிக்காரங்க போட்ட லிஸ்டுல இந்த மாடல் இருக்கு, பாத்துட்டுத்தான் வாங்குனேன். அதுவும் தாராவில உக்காந்துட்டு ஒரிஜினல் டூப்ளிகேட்னு நீங்க பேசாதீங்க. நான் தச்ச பை ஷோரூம்ல பேரு போட்டுத் தொங்குனா ஒரிஜினல். அதே பை நம்ம வாசல்ல தொங்குனா நக்லி. எந்த ஊரு நியாயம்?”

அவள் சொன்னது சரிதான். ரஹ்மத்துல்லா பட்டறையிலிருந்து சரக்கு எப்போதும் பெயர் இல்லாமல்தான் போகும். வாங்குகிற சேட்டுகள் தங்கள் பெயரை அடித்துக்கொள்வார்கள். தவறிப்போய் ஒரு பையில் வேறொரு லேபிள் ஒட்டியிருந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அதனால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே லேபிளைக் கண்டால் நகம் தானாகப் போகும். ஜுவைரியாவுக்கு அது வியாதி. வீட்டில் எந்த டப்பாவிலும் ஸ்டிக்கர் தங்காது. ஒரு முறை மருந்து பாட்டில்களையெல்லாம் அவள் மொட்டையாக்கி வைக்க, சபுரா இருமல் மருந்து என்று மூட்டு வலித் தைலத்தை வாயில் ஊற்றித் தெருவையே கூட்டிவிட்டாள். அதற்கு அப்புறமும் திருந்தவில்லை.

கன்ட்ரோலரிலும் ஒரு குறை இருந்தது. பிளாஸ்டிக் வழவழவென்று இருந்தது. வலது பக்கத்தை முன்னாலிருந்து பிடிக்க முழுக் கட்டைவிரல் கிடையாது. விரல்களெல்லாம் பின்னால் அமுக்கும் வேலையில் இருந்தன. மும்பை வேர்வையில் ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் வழுக்கிக்கொண்டு போனது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பட்டறைக்காரிக்குச் சொல்லித் தர வேண்டுமா? மிச்சம் விழுந்த ஆட்டுத்தோலில் நல்ல மெத்தென்ற துண்டாகப் பொறுக்கினாள். ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கி, ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, கன்ட்ரோலருக்குச் சட்டை மாதிரி போட்டாள். வலது பக்கம் உள்ளங்கை உட்காரப் பஞ்சு வைத்துத் தைத்தாள். கையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள ஒரு தோல் பட்டை வைத்தாள். நடுவில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது. அதைத் தட்டிவிட்டால் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். அப்புறம் ஒரு தடவை அமுக்கினாலே கன்ட்ரோலர் தன்னால் பல தடவை அமுக்கிக்கொள்ளும். அது கள்ள ஆட்டம். தெரியாமல்கூடக் கை பட்டுவிடக் கூடாதென்று அதன்மேலும் விளக்கின்மேலும் தோலை இழுத்து மூடித் தைத்துவிட்டாள்.

முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. சொல்யூஷன் ஸ்டிக்கர்மேல் நிற்காது. நகம் போனது. உரித்தாள், உருட்டினாள், எறிந்தாள். காலிப் பெட்டியை சபுரா ஊசி நூல் போட்டுவைக்கக் கேட்டபோது அதிலிருந்த ஸ்டிக்கரையும் உரித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

போட்டி அன்றைக்கு வாசலில் சபுரா மறித்தாள். “போறதுன்னா போ. வாப்பா சரின்னுட்டாரு, நான் யாரு தடுக்க? ஆனா அது டிவில வருமாமே. அம்பர்நாத்துக்காரங்க பாத்தா என்னாவும்? இந்தா.” பெரிய பருத்தித் துப்பட்டா ஒன்றை மகள் தோளில் போட்டு, முனையை வலது கைமேல் இழுத்துவிட்டாள். “இத எடுத்துராத மோளே.”

தலையில் ஸ்கார்ஃப், அதன்மேல் இந்தப் போர்வை. வாசலில் நின்று சண்டை போட நேரமில்லை. ஜுவைரியா யாசரோடு சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினாள்.

லவுஞ்சில் ஏசி குளிர். சுவரெல்லாம் நீல வெளிச்சம். போட்டியை நடத்துகிறவள் அஃப்ஷா. முப்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, காதில் மைக். குலுக்கலில் ஜுவைரியாவுக்கு முதல் ஆட்டமே சாஹிலோடு விழுந்தது. சாஹில் செம்பூர்ப் பையன், போன வருஷம் கோப்பை வாங்கினவன். இங்கே பேச்செல்லாம் இந்தியில் நடந்தது. நம் சௌகரியத்துக்குத் தமிழில் சொல்கிறேன்.

ஆடுவதற்கு முன்னால் எல்லோருடைய கன்ட்ரோலரையும் அஃப்ஷா வாங்கிப் பார்த்தாள். வேறு கம்பெனி என்றால் முதுகில் இருக்கும் மாடல் நம்பரை லிஸ்டோடு ஒத்துப் பார்ப்பாள். ஜுவைரியாவின் கன்ட்ரோலரைத் திருப்பினாள். தோல். இன்னொரு தடவை திருப்பினாள். அதுவும் தோல்.

“மாடல் ஸ்டிக்கர் எங்கே?”

அப்போதுதான் ஜுவைரியாவுக்கு உறைத்தது. “உரிச்சிட்டேன்” என்றாள்.

“உரிச்சிட்டீங்களா? யாராவது அதை உரிப்பாங்களா? பெட்டி?”

“பெட்டி வீட்ல. அதுலயும் உரிச்சிட்டேன்.”

பின்னால் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். யாசர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அஃப்ஷா பொறுமையாகத்தான் சொன்னாள். “இதுல டர்போ இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இருந்தா அதோட விளக்கு அணைஞ்சிருக்கிறது ஆட்டம் முழுக்க என் கண்ணுக்குத் தெரியணும். இந்தத் தோலுக்குள்ள என்ன எரியுதுன்னு நான் எப்படிப் பார்ப்பேன்? ஸாரி. இங்கே இருக்கிற கன்ட்ரோலர் ஒண்ணு தர்றேன், அதுல ஆடுங்க.”

நியாயமான பேச்சு. ஜுவைரியா கன்ட்ரோலரைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். துப்பட்டா சரிந்தது. அஃப்ஷா கையைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவள் முகமே மாறிப்போயிற்று. அந்த மாற்றத்தை ஜுவைரியா பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறாள். புருவம் மேலே போகும், உதடு சுருங்கும், குரல் பஞ்சாகும்.

“ஓ. எனக்குத் தெரியாது, மன்னிச்சுக்கோங்க. பரவாயில்லை, இதையே வச்சு ஆடுங்க. உங்களுக்காக விட்டுடறேன். மைக்கில ஒரு வார்த்தை சொல்லிடலாம், எல்லாருக்கும் ரொம்ப இன்ஸ்பைரிங்கா இருக்கும்.” சாஹில் பக்கம் திரும்பினாள். “உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?”

சாஹில் தோளைக் குலுக்கினான். “எனக்கென்ன? பேச்சாரி, ஆடிட்டுப் போகட்டும்.”

வந்துவிட்டது. செம்பூர் ஏசிக்குள்ளும் வந்துவிட்டது.

யாசர் அவள் காதில் கிசுகிசுத்தான். “ஏட்டி, சரின்னு சொல்லிரு. அவுங்களே விடுதாங்க. உனக்கு ஆடணும், அவ்ளோதானே?”

அவ்வளவுதானா? ஜுவைரியா கன்ட்ரோலரைப் பார்த்தாள். ராத்திரி ராத்திரியாகக் கண் எரியத் தைத்த சட்டை. உள்ளங்கைக்கென்று அளவெடுத்த மெத்தை. பட்டை இல்லாவிட்டால் கன்ட்ரோலர் கையில் நிற்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தலையாட்டினால் சட்டையோடு ஆடலாம். ஆடி ஜெயித்தால்? விட்டுக் கொடுத்தார்கள் என்பான். தோற்றால்? பாவம் என்பான். எப்படிப் போனாலும் ஆடினவள் இவளாக இருக்க மாட்டாள், இந்தக் கட்டைவிரலாகத்தான் இருக்கும்.

“வேண்டாம்” என்றாள்.

“என்ன வேண்டாம்?”

“என் கையப் பாத்து உள்ள விடாதீங்க. சாமானப் பாத்து விடுங்க. சரியா இருந்தா ஆடுதேன். தப்பா இருந்தா தூக்கி வெளிய போடுங்க, ஒரு வார்த்தை பேசாமப் போறேன்.” ஆவேசத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டாள். யாசர் அதை இந்தியில் சொல்ல வேண்டியதாயிற்று.

“பார்க்கணும்னா தோலை எடுக்கணுமே” என்றாள் அஃப்ஷா. “அது வேண்டாம்மா, எவ்வளவு அழகா தைச்சிருக்கீங்க.”

ஜுவைரியா பர்ஸைத் திறந்தாள். பட்டறைக்காரி பர்ஸில் சீப்பு இல்லாமல் போகலாம், நூல் கத்திரி இல்லாமல் போகாது. முதல் தையலை வெட்டினாள். “ஏட்டி ஏட்டி!” என்று யாசர் பதறினான். இரண்டாவது, மூன்றாவது. வெட்ட வெட்ட நெஞ்சு வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். சொல்யூஷன் பர்ரென்று சத்தம் போட்டுப் பிரிந்தது. பட்டையும் மெத்தையும் சேர்ந்து ஒரே தோலாகக் கையோடு வந்தன. கோந்துத் திட்டுகளோடு கன்ட்ரோலர் வெற்று உடம்பாக மேஜைமேல் கிடந்தது.

“பாருங்க.”

அஃப்ஷா குனிந்து பார்த்தாள். லிஸ்டில் இருந்த படத்தோடு ஒவ்வொரு பக்கமாக ஒத்துப் பார்த்தாள். கன்சோலில் மாட்டி, டர்போவைத் தட்டி விளக்கு எரிவதைப் பார்த்தாள், அணைத்துப் பார்த்தாள், ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் குரலில் பஞ்சு இல்லை. “இது லிஸ்டில் இருக்கிற மாடல்தான். டர்போ விளக்கு எரிஞ்சா அந்த நிமிஷமே நீங்க வெளியே. சரியா?”

“சரி.”

“மைக்கில எதுவும் சொல்லலை.”

“ரொம்ப நல்லது.”

மூன்று சுற்று. இரண்டு ஜெயித்தவருக்கு ஆட்டம். சாஹிலின் ஆள் கொம்பு வைத்த ஒரு பயில்வான். முதல் சுற்றில் ஓடக்காரி துடுப்பை ஓங்கும் முன்பே கன்ட்ரோலர் வலது கையிலிருந்து நழுவியது. பிடித்தாள். மறுபடியும் நழுவியது. அதைப் பிடிக்கிறதா, சண்டை போடுகிறதா? பயில்வான் வந்து ஓடக்காரியைத் தலைக்குமேல் தூக்கி அடித்தான். சுற்று போய்விட்டது. சாஹில் கொட்டாவி விடாத குறை.

அடுத்த சுற்றுக்குள் கொஞ்சம்தான் நேரம். ஜுவைரியா சுற்றுமுற்றும் பார்த்தாள். பட்டை வேண்டும். கையைக் கன்ட்ரோலரோடு சேர்த்துக் கட்ட ஏதாவது ஒரு கயிறு, ஒரு துணி.

துணிதான் மேலேயே கிடக்கிறதே!

தோளிலிருந்து துப்பட்டாவை உருவினாள். ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு, உள்ளங்கையையும் கன்ட்ரோலரின் வலது பக்கத்தையும் சேர்த்துச் சுற்றினாள். விளக்கு மறையாமல், பின்விரல்கள் மாட்டாமல், இறுக்கி. முடிச்சுப் போட்டாள். எதை மூட உம்மா கொடுத்து அனுப்பினாளோ, அந்தக் கை கேமராவுக்கு நேராக, பாதிக் கட்டைவிரல் நட்டுக்கொண்டு, வெட்டவெளியில் நின்றது. எதிரே இருந்த பெரிய திரையிலும் அதுதான். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று திரும்பி உட்கார்ந்தாள்.

இரண்டாவது சுற்றில் சாஹிலுக்குக் கொட்டாவி வரவில்லை. கன்ட்ரோலர் இப்போது கையில் அசையாமல் இருந்தது. பயில்வான் பாய்ந்தால் ஓடக்காரி அங்கே இல்லை. திரும்பினால் முகத்தில் துடுப்பு. சாஹில் நாற்காலி நுனிக்கு வந்தான். அவனுடைய நண்பர்கள் கத்த ஆரம்பித்தார்கள். யாசர் அவர்களுக்கு மேலே தமிழில் கத்தினான். அவன் கத்தினதை எழுத முடியாது. டொக் டொக் டொக். பயில்வான் மண்ணைக் கவ்வினான்.

கடைசிச் சுற்று. இரண்டு பேரும் மாறி மாறி வாங்கினார்கள். இருவருக்கும் உயிர்க்கோடு சிவப்பாகி, நூல் அளவுக்கு வந்துவிட்டது. யார் முதலில் தொட்டாலும் மற்றவர் காலி. பயில்வான் காலைத் தூக்கினான். ஓடக்காரி துடுப்பை வீசினாள். கண்ணிமைக்கிற நேரம். கால் முந்தியது.

ஓடக்காரி விழுந்தாள். டர்போ விளக்கு கடைசிவரை எரியவே இல்லை.

சாஹில் நாற்காலிமேல் ஏறிவிட்டான். சட்டையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தி, ஜுவைரியாவின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, “கதம்! கதம்! ஆட்டம் முடிஞ்சுது!” என்று குதித்தான். கோப்பையே வாங்கினவன் போல ஆடினான். அவன் நண்பன் ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுத்து, “டேய் விடுடா, பேச்சாரிடா” என்றான்.

சாஹில் குனிந்து அவனைப் பார்த்தான். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. “பேச்சாரியா? யாரு, இவளா? உயிர எடுத்துட்டாடா! நீ வந்து உட்காரு, தெரியும்!” மறுபடியும் குதிக்க ஆரம்பித்தான்.

தோற்ற ஜுவைரியாவுக்கு வாய் காதுவரை போயிற்று. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. “இறங்குடா. அடுத்த தடவை உன் கொம்பு ரெண்டையும் ஒடச்சுக் கைல தர்றேன்” என்றாள். இதை இந்தியில், அவனுக்குப் புரிகிற மாதிரி, அவளே சொன்னாள்.

“வா, வா!” என்றான் அவன்.

ரயிலில் யாசர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். இவளோ கிழிந்த தோலை மடியில் விரித்து, எங்கே ஜன்னல் வெட்டினால் டர்போ பட்டனும் விளக்கும் வெளியே தெரியும் என்று விரலால் அளந்துகொண்டே வந்தாள். எதிரே இருந்த பெண்மணி கையையே பார்த்தாள். நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜுவைரியா வேலையைத் தொடர்ந்தாள்.

வீட்டு வாசலில் சபுரா நின்றாள், இடுப்பில் கை வைத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் இன்னும் அவள் கையில் இருந்தது. கசங்கிச் சுருண்ட துப்பட்டாவைப் பார்த்தாள். மகளின் கையைப் பார்த்தாள்.

“எடுத்துராதன்னு சொன்னேன்லா?”

“ஆமா.”

“ஊரே பாத்துட்டு. அம்பர்நாத்துக்காரங்களும் பாத்திருப்பாங்க.”

“பாக்கட்டும்மா. பாத்துட்டு வாரவங்க வரட்டும்.” ஜுவைரியா செருப்பைக் கழற்றினாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். புருவம் மேலே போகும், உதடு சுருங்கும், அந்தச் சொல் வரும். “சொல்லுமா. சொல்றதச் சொல்லி முடி.”

சபுராவின் புருவம் மேலேதான் போயிற்று. ஆனால் குரல் பஞ்சாகவில்லை, தெருமுனை வரை கேட்டது.

“சொல்லாம? அவன் காலத் தூக்குறான், கண்ணு தெரியலயா ஒனக்கு? அந்நேரம் துடுப்ப வீசுவாளா எவளாவது? குனிஞ்சிருக்கணும்லாட்டி, குனிஞ்சிருக்கணும்! கைல வந்த ஆட்டத்த விட்டுட்டு வந்து நிக்கா பாரு, கூறுகெட்டவ!”